வாசி இல்லாத காசு: பஞ்சத்திலும் நோயிலும் எழுந்த துதிப்பாடல்கள்

திருவீழிமிழலையில் அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு தங்கியிருந்தபோது மழை பொய்த்தது. ஆற்றில் நீர் வற்றியது. ஊரைப் பஞ்சம் பிடித்தது. இருவர் கனவிலும் இறைவன் தோன்றினான். காலம் எப்படிப் போனாலும் உங்கள் மனம் கலங்காது. ஆனாலும் உங்களைச் சார்ந்தவர்களின் வாட்டம் தீர நாள்தோறும் ஒரு காசு தருகிறோம் என்றான். கோயிலின் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்குமாகக் காசு கிடைத்தது. இரண்டு மடங்களிலும் அடுப்பு எரிந்தது. பெரியபுராணம் சொல்லும் இந்தச் செய்தி பலருக்கும் தெரிந்ததே. இதற்குப் பின் வரும் பகுதியைத்தான் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

அப்பர் மடத்தில் உச்சிப்பொழுதுக்கு முன்பே பந்தி முடிந்துவிடும். சம்பந்தர் மடத்திலோ நேரமாகும். ஏன் இந்தத் தாமதம் என்று சம்பந்தர் கேட்கிறார். சமையல் பொறுப்பில் இருந்தவர்கள் உள்ளதைச் சொல்கிறார்கள்: உங்களுக்குக் கிடைக்கும் காசுக்குக் கடையில் வாசி கேட்கிறார்கள், அப்பர் பெருமானின் காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். வாசி என்பது காசின் தரத்தைப் பார்த்துக் கடைக்காரர் பிடித்துக்கொள்ளும் வட்டம். சாமி கொடுத்த காசுக்கே வட்டம்! சம்பந்தர் கடைக்காரரை நோகவில்லை, காரணத்தை யோசிக்கிறார். அப்பர் உழவாரம் பிடித்துக் கோயில் முற்றங்களில் புல் செதுக்குகிறவர். கையால் தொண்டு செய்கிறவர். அதனால் அவருக்கு வாசி இல்லாத காசு கிடைக்கிறது என்று முடிவுக்கு வருகிறார். பிறகு இறைவனிடமே போய், தனக்கும் அப்படி ஒரு காசு வேண்டும் என்று குறுகிய அடிகளால் ஆன ஒரு பதிகம் பாடுகிறார். முதல் திருமுறையில் திருவிருக்குக்குறள் என்ற யாப்பில், குறிஞ்சிப் பண்ணில் அமைந்த பதிகம் அது.

துன்ப காலத்தில் கடவுளைப் பாடுவது எதற்காக என்ற கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் மிகச் சிறந்த விடைகளுள் ஒன்று இந்த நிகழ்ச்சியில் இருக்கிறது என்பது என் கருத்து. நெருக்கடியில் எழுந்து நிலைத்த துதிப்பாடல்களை எடுத்துப் பார்த்தால் இரண்டு பண்புகள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. முதலாவது, அந்தப் பாடல் முறையீட்டை மறைப்பதில்லை; துதியும் புகாரும் ஒரே பாட்டில் இருக்கின்றன. இரண்டாவது, பாடியவர் பெரும்பாலும் பஞ்சத்துக்கு வெளியே நின்று பாடியவர் அல்லர். சோறு போட்டவர், பிணம் அடக்கியவர், ஊருக்காகப் பேசியவர். இவ்விரண்டையும் ஏழாம் நூற்றாண்டுச் சோழநாட்டிலும், பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மனியிலும், தாது வருடத்து மாயூரத்திலும் காண முடிகிறது.

நெல் இல்லாத பஞ்சமா, காசு இல்லாத பஞ்சமா?

வீழிமிழலையில் இறைவன் மழையைப் பெய்விக்கவில்லை, நெற்குவியலையும் தரவில்லை. அவன் தந்தது காசு. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுதியவர். சோழ அரசியல் நிர்வாகத்தோடு தொடர்புடையவராக மரபு அவரைச் சொல்கிறது. சந்தையில் என்ன நடக்கும் என்பது தெரிந்தவரின் எழுத்து இது. காசு இருந்தால் வாங்குவதற்குக் கடையில் பண்டம் இருந்தது. காசு இல்லாதவன் பட்டினி கிடந்தான். 1981-இல் வெளிவந்த, வறுமையையும் பஞ்சங்களையும் பற்றிய நூலில் அமர்த்தியா சென் இதைப் பொருளியல் கோட்பாடாகவே நிறுவினார்: உணவு அறவே இல்லாமல் போவதால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, இருக்கும் உணவைப் பெறும் வழி மக்களில் ஒரு பகுதியினருக்கு அடைபட்டுப் போவதாலும் வருகிறது.

சேக்கிழாருக்குச் சில தலைமுறைகளுக்குப் பின், வீழிமிழலையை அடுத்த திருப்பாம்புரத்தில் ஒரு கல்வெட்டு வெட்டப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, பஞ்சத்தில் உயிர் பிழைக்க ஒரு வேளாளர் தம்மையும் தம் மகள்கள் இருவரையும் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. புராணத்தில் கோயில் காசு கொடுத்துக் காப்பாற்றுகிறது. கல்வெட்டில் கோயில் காசு கொடுத்து ஆளையே வாங்குகிறது. ஒரே வட்டாரம், ஒரே வகை நெருக்கடி. துதிப்பாடல் ஒலித்த இடங்களிலெல்லாம் நீதி இருந்தது என்று நாம் மயங்கிவிடாமல் இருக்க இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாட்டுக்கும் சோற்றுக்கும் உள்ள தொடர்பு கோயில் நிர்வாகத்திலும் பதிவாகியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் கொட்ட இருவரையும் இராசராசன் நியமித்தான். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று கல்லில் எழுதி வைத்தான். துன்பத்தில் பிறந்த பதிகங்கள் அரசின் களஞ்சியத்தால் காக்கப்பட்டு நம் காலம் வரை வந்தன. ஆனால் அவை பிறந்தபோது இருந்த சூடு வேறு.

வழக்காடும் துதி

அந்தச் சூட்டை உணர நான்காம் திருமுறையின் முதல் பதிகத்துக்குப் போக வேண்டும். தருமசேனர் என்ற பெயரோடு சமண சமயத்தில் இருந்த மருணீக்கியாருக்குச் சூலைநோய் வந்தது. மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகை வந்து, வீரட்டானத்து இறைவன் முன் கொல்லிப் பண்ணில் பாடினார். நாவுக்கரசராக அவர் பாடிய முதல் பாட்டு வயிற்றுவலியைப் பற்றியது. குடலைத் துடக்கி முடக்கும் வலியை அவர் அலங்காரம் இல்லாமல் சொல்கிறார். தெரிந்து எந்தக் கொடுமையும் செய்ததாக நினைவில்லையே என்கிறார். நெஞ்சை உமக்கே இடமாக வைத்த பிறகும் இப்படி ஒரு வஞ்சமா என்று கேட்கிறார். நீரும் பூவும் தூபமும் பாட்டும் மறந்ததில்லை என்று தம் பக்கத்து நியாயத்தை எடுத்து வைக்கிறார். வலி தீர்ந்த பிறகு நன்றிக்காகப் பாடியது அல்ல இது. வலியின் நடுவிலேயே பாடியது. ஒவ்வொரு பாட்டும் அதிகை வீரட்டானத்து அம்மானை விளித்து முடிகிறது. யாரிடம் புகார் சொல்கிறாரோ அவரையே புகழ்கிறார்.

சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே போனவர். தம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் கண்ணிரண்டும் போயின. திருவெண்பாக்கத்தில் இங்கே இருக்கிறீரா என்று கேட்டவருக்கு ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் வந்தது. திருவாரூரில், மற்றக் கண்ணுக்காக அவர் பாடிய பதிகத்தில் கெஞ்சுகிற குரலைத் தேடினால் ஏமாந்துபோவோம். வேறு யாரையும் அண்டாமல் உமக்கே ஆளான அடியவர்கள் உள்ளே புழுங்கி வந்து தங்கள் துயரைச் சொன்னால், கேட்டுக்கொண்டு சும்மா இருப்பீரோ, அப்படியானால் நீர் மட்டும் சுகமாக இரும் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். ஏச்சுதான் இது, ஆனால் உறவு உள்ளவன் மட்டுமே ஏச முடிந்த ஏச்சு. சைவ மரபு இந்தப் பதிகத்தைப் பாவமன்னிப்புக்கு உரிய குறையாக ஒதுக்கி வைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் சேர்த்துக் கோயிலில் பாட வைத்தது. அந்த ஏச்சுக்குப் பிறகுதான் வலக்கண் வந்தது என்று புராணமும் எழுதியது.

இந்த இரண்டு பதிகங்களும் காட்டுவது ஒன்றே. துதி என்பது கடவுளின் இயல்பை அவருக்கே எடுத்துச் சொல்வது. நீர் அருளாளர் என்று பாடும்போதே, அருளாளர் என்றால் அதைச் செய்து காட்டும் என்ற கோரிக்கையும் உள்ளே வந்துவிடுகிறது. புகழ்ச்சிதான் முறையீட்டின் ஆதாரம். ஆதலால் துன்பத்தில் துதிப்பவர் தம் துன்பத்தை மறந்தவர் என்று எண்ணுவது பிழை. அதை விசாரணைக்குக் கொண்டு வந்தவர் அவர்.

சங்கீதப் புத்தகத்தின் அமைப்பு

விவிலியத்தின் சங்கீதங்களைப் படித்த அறிஞர்களும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்மன் குங்கல் சங்கீதங்களை அவற்றின் வடிவம், வழிபாட்டில் அவை வகித்த இடம் ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தினார். மொத்தம் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகை என்பது அதனால் கண்கூடாயிற்று. துதிகளின் புத்தகம் என்று யூத மரபு பெயரிட்டு வழங்கும் நூலில் மிகுதியான வகை புலம்பல்!

இவ்வகைக்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு 13-ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் எவ்வளவு காலம் என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. பிறகு வேண்டுதல். கடைசியில் திடீரென்று பாடுவேன் என்ற தீர்மானம். இடையில் நிலைமை மாறியதாக ஒரு குறிப்பும் இல்லை. நோயோ பகையோ நீங்கியதாகச் சொல்லப்படவில்லை. இரண்டாம் உலகப்போரில் சிறைப்பட்டிருந்த நாட்களிலும் சங்கீதங்களை ஆராய்ந்த கிளாவுஸ் வெஸ்டர்மன், புலம்பலிலிருந்து துதிக்குத் திரும்பும் இந்த அசைவே சங்கீதங்களின் உயிர்நாடி என்று விளக்கினார். ஆனால் அந்தத் திருப்பம் கட்டாயமும் அல்ல. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வழிபாட்டுப் பாடலாகவே தொகுத்தவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

1986-இல் வால்டர் புருக்மன் எழுதிய ஒரு கட்டுரை இந்த ஆய்வை இன்றைய வழிபாட்டின் மேல் திருப்பியது. புலம்பலை வழிபாட்டிலிருந்து நீக்கிவிட்ட சபை எதை இழக்கிறது என்பது அவர் கேள்வி. கடவுளிடம்கூட நியாயம் கேட்கக் கூடாது என்று பழகிய மக்கள், மனிதர்களிடமும் நியாயம் கேட்க மாட்டார்கள். இருப்பதெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்ளும் பாட்டு அதிகாரத்துக்கு வசதியானது என்பது அவர் வாதத்தின் சாரம். சுந்தரரின் ஆரூர்ப் பதிகத்தைப் படித்தவர்களுக்கு இந்த வாதம் அந்நியமாகத் தோன்றாது.

ஐலன்பர்க், 1637

முப்பதாண்டுப் போர் (1618–1648) ஜெர்மனியைச் சூறையாடிய காலத்தில், சாக்சனி நாட்டில் லைப்சிக் நகருக்கு அருகே ஐலன்பர்க் என்ற மதில் சூழ்ந்த சிற்றூர் இருந்தது. மதில் இருந்ததாலேயே சுற்றுவட்டார அகதிகள் அங்கே வந்து குவிந்தார்கள். கூட்டம் பெருகப் பெருகக் கொள்ளைநோயும் பெருகியது. அவ்வூரிலேயே 1586-இல் பிறந்து, லைப்சிக் தூய தோமா பள்ளியில் பாடகச் சிறுவனாகப் பயின்று, 1617 முதல் சொந்த ஊரில் ஊழியம் செய்துவந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். 1637-ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் மற்றப் போதகர்கள் இறந்தோ வெளியேறியோ போய்விட, அடக்க ஆராதனைகள் அனைத்தும் அவர் தலையில் விழுந்தன. நாள் ஒன்றுக்கு நாற்பது, ஐம்பது பேர். அவர் கையால் அடக்கம் பெற்றவர்கள் ஏறத்தாழ 4,480 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அவருடைய மனைவியும் அந்த ஆண்டில்தான் இறந்தார்.

நோய்க்குப் பின் பஞ்சம். தம் வீட்டில் இருந்ததைப் பகிர்ந்து கொடுத்த ரிங்கார்ட், பின்வரும் ஆண்டுகளின் வருமானத்தை அடகு வைத்துத்தான் தம் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் வாங்க முடிந்தது. பிறகு சுவீடன் படை வந்து 30,000 தாலர் கப்பம் கேட்டது. அவர் படைத்தலைவனிடம் போய்ப் பேசினார். பேச்சு எடுபடாதபோது ஊராரைக் கூட்டி முழந்தாளிட்டு ஜெபித்துப் பாடினார் என்று சொல்வார்கள். கடைசியில் கப்பம் பழைய தொகையின் சிறு பகுதியாகக் குறைந்தது.

நன்றிப் பாடல்களில் உலகெங்கும் அறியப்பட்ட ஒன்றை எழுதியவர் இந்த மனிதர். எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று தொடங்குகிற அந்தப் பாமாலை, 1648-இல் போர் முடிந்து சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது அதைக் கொண்டாட எழுதப்பட்டது என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் பெர்லின் நிக்கோலாய் ஆலயத்தின் இசைத்தலைவர் யோகான் க்ரூகர் 1647-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே அது இருக்கிறது. ஆக, சமாதானத்துக்குப் பிறகு பிறந்த பாடல் அன்று அது, போர்க்காலப் பாடல். மேலும் அது கொண்டாட்டப் பாட்டாகவும் பிறக்கவில்லை. சீராக் ஞானநூலின் 50-ஆம் அதிகாரத்தைத் தழுவிய சாப்பாட்டு ஜெபம் அது. மேசையில் உட்காரும் குடும்பம் சொல்வதற்கு எழுதியது. தட்டில் என்ன இருக்கும் என்று தெரியாத வீடுகளுக்கான நன்றி. முதல் கண்ணி இதுவரை கிடைத்ததற்கு நன்றி சொல்கிறது; இரண்டாவது, இக்கட்டிலிருந்து விடுவிக்கும்படி கேட்கிறது. தேவாரம் போல இது இறைவனோடு வாதிடவில்லை, குரல் தணிந்தது. ஆனால் வேண்டுதல் இல்லாத துதியாகவும் இல்லை.

இத்தகைய ஜெர்மானியப் பாமாலைகள் தமிழுக்கு வந்ததும் இக்கட்டான காலத்தில்தான். 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கியதிலிருந்து லுத்தரன் மிஷனரிகள் தங்கள் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கிவந்தார்கள். அவற்றுக்கு நிலைத்த தமிழ் வடிவம் தந்த ஃபப்ரிசியுஸ் 1740-இல் வந்தவர். சென்னையில் பிரெஞ்சு முற்றுகையையும் ஹைதர் அலியின் போர்களையும் கண்டவர். பிறருடைய பணப் பொறுப்பை ஏற்றுக் கடனில் சிக்கி, முதுமையில் கடன் சிறைக்கும் போனவர். தம் சொந்த நாட்டின் போர்க்காலப் பாடல்களை மொழிபெயர்க்க அவருக்கு அனுபவம் குறைவாக இருக்கவில்லை.

தாது வருடத்து மாயூரம்

தமிழ்நாட்டின் நினைவில் பஞ்சம் என்றாலே தாது வருடப் பஞ்சம்தான். 1876-இல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய அது 1878 வரை நீண்டது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. ரயிலும் துறைமுகமும் இருந்தன. தானியம் இல்லாமலும் இல்லை. ஆனால் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 1877 ஜனவரி முதல் நாள் வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் பெருந்தர்பார் நடத்தினார். அதே மாதம் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிரைத் தாங்காது என்று எதிர்த்தார். வீழிமிழலையில் வாசி பிடித்தது கடைக்காரர் என்றால், இங்கே வாசி பிடித்தது அரசாங்கமே.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து பேர் பெற்றவர் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சிராப்பள்ளி அருகே குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர்; கைக்கூலி வாங்குவோரை நீதி நூலில் கண்டித்தவர்; தமிழின் முதல் நாவலை 1879-இல் தந்தவர். பஞ்சத்தில் அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவளித்தார். அதோடு, பஞ்சம் தீரவேண்டி இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளையும் பாடினார். 1878-இல் வெளிவந்த அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனை, பெயருக்கேற்பக் கடவுளை ஒரு சமயத்துக்குள் அடைக்காமல் பாடுகிறது. பஞ்சத்தில் வாடுகிறவன் எந்தச் சமயத்தவனாக இருந்தாலும் அந்தப் பாட்டைப் பாடலாம். கஞ்சி வாங்கவும் சமயம் கேட்கத் தேவையில்லை. சமரசம் என்ற கொள்கை நெருக்கடியின் நடைமுறையிலிருந்தும் வலுப் பெற்றது என்று இதைக் கொண்டு கருதலாம்.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதே வட்டாரத்தவர். சிவபக்தரான அவர், கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளையின் கொடையைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். மனிதரைப் பாடுவதைப் பக்திக் கவிகள் எளிதில் செய்வதில்லை. ஆனால் பஞ்சத்தில் அன்னமிடும் கையைப் பாடுவது இறைவனைப் பாடுவதற்கு விலக்கல்ல என்று பாரதியார் நினைத்திருக்க வேண்டும்.

பாட்டை அளக்கும் அளவுகோல்

எதிர்வாதம் ஒன்று உண்டு. பசித்தவனைப் பாடச் சொல்வது அவன் வாயை அடைக்கும் தந்திரம். துன்பத்தைக் கடவுளின் விருப்பமாக்கி, அதற்குக் காரணமானவர்களைத் தப்பவிடுகிற வேலை. இந்தக் குற்றச்சாட்டைப் பல பாடல்கள் மறுக்க முடியாது. கடவுள் செய்வதெல்லாம் நியாயமே என்று வெளியிலிருந்து சொல்லும் ஆறுதலை விவிலியமே யோபுவின் நண்பர்கள் வாயில் வைத்து, கடைசியில் அவர்கள் பேசியது சரியல்ல என்று தீர்ப்பளிக்கிறது. திருப்பாம்புரக் கல்வெட்டும் இந்த எதிர்வாதத்தின் பக்கமே நிற்கும் சாட்சி.

ஆனால் மேலே பார்த்தவர்கள் யாரும் பிறரைத் துதிக்கச் சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றவர்கள் அல்லர். அப்பர் பாடியது தம் குடலின் வலியை. சுந்தரர் பாடியது தம் குருட்டை. ரிங்கார்ட் பாடியது தம் மனைவியையும் அடக்கம் செய்த ஊரில். சம்பந்தருக்கும் வேதநாயகம் பிள்ளைக்கும் பசி தம்முடையதாக இருக்கவில்லை; ஆனால் பந்தி அவர்கள் பொறுப்பு. எனவே துதிப்பாடலை எடைபோட, அது எவ்வளவு உருக்கமானது என்று கேட்பதைவிட இரண்டு கேள்விகள் உதவும்: இந்தப் பாட்டில் ஏன் என்று கேட்க இடம் இருக்கிறதா? இதைப் பாடுகிறவர் துன்பத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்?

இன்று பெரும்பாலான கோயில்களிலும் ஆலயங்களிலும் வெற்றியும் மகிழ்ச்சியும் நிறைந்த பாடல்களே பெருகியிருக்கின்றன. கடன்பட்டவர்களும் பிள்ளையை இழந்தவர்களும் வேலை போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதற்கு அங்கே ஒரு வரியும் கிடைப்பதில்லை. அவர்களுக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதிகைப் பதிகமும் ஆரூர்ப் பதிகமும் 13-ஆம் சங்கீதமும் தாது வருடக் கீர்த்தனைகளும் ஏற்கெனவே இருக்கின்றன; வழிபாட்டு வரிசையில் அவற்றுக்கு இடம் கொடுத்தால் போதும். அதோடு, அவற்றைப் பாடும் சபை பாடி முடித்ததும் யாருக்கு என்ன செய்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கைத்தொண்டு சேராத துதிக்குச் சந்தையில் வட்டம் பிடிப்பார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொண்டவர் வேறு யாருமல்லர், பதிகம் பாடுவதில் ஈடில்லாத சம்பந்தரேதான்.